தொலைதூர வானொலிப் பதிவும் எண்ணிமச் செயலாக்கமும்: ஒரு மதிப்பீடு

தன் பகுதிக்கென ஒலிபரப்பப்படாத, பல நூறு அல்லது பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வானொலி நிலையங்களைத் தேடிப் பிடித்து அடையாளம் காண்பது தொலைதூர வானொலி கேட்டல் ஆகும். டி.எக்ஸிங் என்ற பெயரில் இது உலகின் பல நாடுகளிலும் பொழுதுபோக்காக நிலைபெற்றுள்ளது. மத்திய அலையிலும் சிற்றலையிலும் இது மிகுதியாக நடைபெறுகிறது. இவ்வாறு கேட்டவற்றைப் பதிவு செய்யும் முறையில் கடந்த சில பத்தாண்டுகளில் பெரும் மாற்றம் ஏற்பட்டுள்ளது. ஒலிநாடாவின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. அத்துடன், டி.எஸ்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் எண்ணிமச் சமிக்ஞைச் செயலாக்கமும் பதிவுக்குள் நுழைந்தது.

இம்மாற்றம் குறித்து நேயர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. எண்ணிமச் செயலாக்கம் இல்லாவிட்டால் இன்றைய நகரங்களில் தொலைதூர நிலையங்களைக் கேட்கவே இயலாது என்பது ஒன்று. செயலாக்கிய பதிவு உண்மையில் வந்த ஒலியைக் காட்டாது, ஆகவே அதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் டி.எஸ்.பி. என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு இயல்புடைய பல வேலைகளைச் சேர்த்துப் பேசுகின்றன. வந்த அலையிலிருந்து ஒரு பகுதியைத் தெரிந்தெடுக்கும் வேலை வேறு. வந்தது இன்னதாக இருக்கும் என்று ஊகித்து மாற்றும் வேலை வேறு. இந்த வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு இக்கட்டுரை செயலாக்க முறைகளை மதிப்பிடுகிறது.

பதிவின் பயன்

பாடல் கேட்பதற்காகச் செய்யும் பதிவுக்கும் தொலைதூர வானொலிப் பதிவுக்கும் நோக்கம் வேறு. முன்னதில் இனிமை முக்கியம். பின்னதில் அடையாளம் முக்கியம். எந்த நிலையம், எந்த அலைவரிசை, எந்த நேரம், எவ்வளவு தெளிவு என்ற நான்கு கேள்விகளுக்கு அப்பதிவு விடை தர வேண்டும்.

நேயர் தாம் கேட்டதை ஓர் அறிக்கையாக எழுதி நிலையத்துக்கு அனுப்புவார். நிலையம் அதைத் தன் நிகழ்ச்சிப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, சரியாக இருந்தால் கியூ.எஸ்.எல். அட்டை எனப்படும் உறுதி அட்டையை அனுப்பும். அறிக்கையில் ஒலியின் தரத்தைக் குறிக்கச் சின்போ என்னும் ஐந்து இலக்கக் குறியீடு பயன்படுகிறது. சமிக்ஞையின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், ஒலி ஏறி இறங்கும் மங்கல் முதலிய குறைகள், ஒட்டுமொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடப்படும்.

இந்த ஐந்தில் இரண்டாவதும் மூன்றாவதும் நான்காவதும் குறைகளையே அளக்கின்றன என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இரைச்சலை முற்றிலும் துடைத்த பதிவைக் கேட்டு இரைச்சலுக்கு மதிப்பெண் போட முடியாது. ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்த பதிவைக் கேட்டு மங்கலுக்கு மதிப்பெண் போட முடியாது. காய்ச்சல் குறைய மாத்திரை கொடுத்துவிட்டு அதன்பின் வெப்பமானி வைப்பது போன்றது அது. ஒலிபரப்பு நிறுவனத்தின் பொறியாளருக்குத் தேவைப்படும் தகவல் அந்தக் குறைகளில்தான் இருக்கிறது.

சான்று குறித்த மூன்று நிகழ்வுகள்

பதிவும் சான்றும் பற்றிய சிக்கல் கணினியோடு தோன்றியது அன்று. வானொலியின் தொடக்கத்திலேயே அது இருந்தது.

1901 டிசம்பர் 12 அன்று நியூபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில் உள்ள சிக்னல் குன்றில் மார்க்கோனி, பட்டத்தில் கட்டிய கம்பியை அலைவாங்கியாகக் கொண்டு, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள போல்துவிலிருந்து வந்த சமிக்ஞையைக் கேட்டதாக அறிவித்தார். கேட்டது மூன்று புள்ளிகள். மோர்ஸ் முறையில் எஸ் என்ற எழுத்து. தானியங்கிப் பதிவுக் கருவி அந்தச் சமிக்ஞையைப் பதியவில்லை. தொலைபேசிக் காதுக்கருவியில் மார்க்கோனியும் அவருடைய உதவியாளர் கெம்ப்பும் கேட்டதே சான்று. அனுப்பப்படும் எழுத்து எது என்பது இருவருக்கும் முன்பே தெரியும். பகல் வேளையில் அத்தகைய அலை அத்தனை தொலைவு சென்றிருக்குமா என்ற ஐயம் பொறியாளர்களிடையே பின்னாளிலும் தொடர்ந்தது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று யாரும் கருத வேண்டியதில்லை. எதிர்பார்த்த எழுத்தை இரைச்சலுக்குள் காது தானே கேட்டிருக்கலாம் என்பதே ஐயத்தின் மையம்.

மார்க்கோனி அடுத்த சோதனையை வேறு விதமாக அமைத்தார். 1902 பிப்ரவரியில் பிலடெல்பியா என்ற கப்பலில் அமெரிக்காவுக்குச் செல்லும்போது வந்த சமிக்ஞைகளைக் காகித நாடாவில் பதிவு செய்தார். கப்பலின் தலைவர் அவற்றுக்குச் சாட்சிக் கையொப்பமிட்டார். பகலில் சுமார் 700 மைல் வரையும் இரவில் 2,000 மைலுக்கு மேலும் சமிக்ஞை கிடைத்தது. பகலுக்கும் இரவுக்கும் இடையே இருந்த இப்பெரிய வேறுபாட்டையும் அந்தப் பயணம் காட்டியது.

மூன்றாவது நிகழ்வு 1921 டிசம்பரில் நடந்தது. அமெரிக்கத் தொழில்முறை சாரா வானொலியாளர்களின் சமிக்ஞை அட்லாண்டிக்கைக் கடக்குமா என்று அறிய பால் காட்லி என்பவர் ஸ்காட்லாந்தின் அர்ட்ராசனுக்கு அனுப்பப்பட்டார். கடலோர வயலில் கூடாரம் அடித்து, பெவரேஜ் எனப்படும் நீண்ட தரைமட்ட அலைவாங்கியைப் பயன்படுத்தினார். மார்க்கோனி நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் சாட்சியாக உடனிருந்தார். கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச்சில் இருந்த 1பிசிஜி என்ற நிலையம் அனுப்பிய வாழ்த்துச் செய்தி ஒன்றைக் காட்லி முழுமையாக எழுதிக்கொண்டார். அச்செய்தியின் சொற்கள் அவருக்கு முன்கூட்டித் தெரியாதவை.

முன்பே தெரிந்ததைக் கேட்பது பலவீனமான சான்று. தெரியாததைக் கேட்பது வலுவான சான்று. கருவியில் பதிந்த மூலம் இருந்தால் பிறர் அதைச் சோதிக்கலாம். மூலம் இல்லையென்றால் கேட்டவரை நம்புவது ஒன்றே வழி. இன்றைய எண்ணிமச் செயலாக்கத்தையும் இதே கேள்விகளைக் கொண்டு சோதிக்க வேண்டும்.

தெரிந்தெடுக்கும் செயலாக்கங்கள்

முதலில், சான்றுக்குப் பங்கம் விளைவிக்காதவற்றைப் பார்க்கலாம்.

அலைக்கற்றை வடிப்பி இவற்றுள் எளியது. இரைச்சல் எல்லா அதிர்வெண்களிலும் பரவியிருக்க, பேச்சு ஒரு குறுகிய பரப்பில் அடங்குகிறது. வடிப்பியின் அகலத்தை 6 கிலோஹெர்ட்ஸிலிருந்து 3 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்தால் உள்ளே வரும் இரைச்சலின் ஆற்றல் பாதியாகும். டெசிபல் கணக்கில் இது 3 ஆகும். பழைய வானொலிகளிலும் இதே வேலையைப் படிக வடிப்பிகள் செய்தன. எண்ணிம வடிப்பியின் விளிம்பு இன்னும் கூர்மையாக இருக்கும். அகலத்தையும் விருப்பம்போல் மாற்றலாம். வெளியே உள்ளதை அது வெட்டுகிறதே தவிர, உள்ளே உள்ளதில் எதையும் சேர்ப்பதில்லை.

அடுத்தது ஒத்திசைவு முறை. வீச்சுப் பண்பேற்ற ஒலிபரப்பில் ஊர்தி அலையும் அதன் இருபுறமும் இரு பக்கப்பட்டைகளும் வருகின்றன. அயனி மண்டலத்தின் வழியே பல பாதைகளில் வரும் அலைகள் ஒன்றையொன்று சில அதிர்வெண்களில் மட்டும் அழித்துக்கொள்ளும். அப்போது ஊர்தி அலை மட்டும் சிறிது நேரம் மெலிந்துபோனால், சாதாரண வானொலியில் பேச்சு கரகரத்துச் சிதையும். ஒத்திசைவு முறையில் வானொலியே அதே அதிர்வெண்ணில் நிலையான ஊர்தி அலையொன்றை உண்டாக்கிக்கொள்வதால் இச்சிதைவு பெரிதும் குறைகிறது. குறுக்கீடு இல்லாத பக்கப்பட்டையை மட்டும் தெரிந்தெடுக்கவும் முடிகிறது. இங்கு வானொலி உருவாக்குவது ஊர்தி அலையை மட்டுமே. பேச்சு முழுவதும் வந்த பக்கப்பட்டையிலிருந்தே பெறப்படுகிறது. தொலைதூர நேயருக்கு எண்ணிமச் செயலாக்கம் செய்த உதவிகளுள் இதுவே சிறந்தது என்று கூறலாம்.

மூன்றாவதாகத் துடிப்பு இரைச்சல் நீக்கி. மின்கம்பிகளில் ஏற்படும் பொறியினால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் நொடிக்கு 100 முறை வெடிப்பொலி கேட்பதுண்டு. ஒவ்வொரு வெடிப்பும் மிகக் குறுகிய நேரமே நீடிக்கும். அந்தக் கணத்தில் மட்டும் ஒலியை அடைத்துவிட்டால் இடையிலுள்ள பேச்சு தெளிவாகும். ஆனால் இது செயல்பட வேண்டிய இடம் முக்கியமானது. குறுகிய வடிப்பியின் வழியே சென்ற துடிப்பு நீண்டுவிடும். 3 கிலோஹெர்ட்ஸ் வடிப்பியைக் கடந்தபின் அது ஒரு மில்லிநொடியின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பரவும். ஆகவே அகன்ற பரப்பில், வடிப்பிக்கு முன்னதாகவே துடிப்பை நீக்க வேண்டும். ஒலிக்கோப்பாகச் சேமித்துவிட்ட பிறகு இதைச் செய்ய முயல்வோர் ஏமாற்றம் அடைவதற்குக் காரணம் இதுவே.

நான்காவது, தானியங்கி வெட்டு வடிப்பி. சீட்டியொலி போன்ற நிலையான ஒற்றை அதிர்வெண்ணைக் கண்டறிந்து அது நீக்கும். கேட்பதற்கு இது பெரும் உதவி. ஆயினும் பதிவில் இதைப் பயன்படுத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1975-ஆம் ஆண்டின் ஜெனீவா திட்டப்படி ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய பகுதிகளில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்துள்ளன. அமெரிக்கக் கண்டங்களிலோ 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. ஐரோப்பாவில் 1134 கிலோஹெர்ட்ஸ் நிலையத்தைக் கேட்பவர் பின்னணியில் 4 கிலோஹெர்ட்ஸ் சீட்டி ஒன்றைக் கேட்டால், 1130-ல் அமெரிக்க நிலையம் ஒன்று வந்துகொண்டிருக்கலாம் என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. அந்தச் சீட்டியைத் துடைத்துவிட்ட பதிவில் அட்லாண்டிக்கைக் கடந்து வந்த அலையின் தடயம் அழிந்துபோகிறது.

ஊகிக்கும் செயலாக்கங்கள்

இரைச்சல் குறைப்பி எனப்படும் செயலாக்கம் மேற்கண்டவற்றிலிருந்து இயல்பில் வேறுபட்டது. பேச்சும் இரைச்சலும் ஒரே அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் கலந்திருக்கும்போது, வெட்டி ஒதுக்க விளிம்பு எதுவும் இல்லை. எது பேச்சு, எது இரைச்சல் என்று கணித்துத்தான் பிரிக்க வேண்டும்.

இதன் கணித அடிப்படையை நார்பர்ட் வீனர் 1949-இல் வெளியான நூலில் விளக்கினார். 1965-இல் கூலி, டூக்கி ஆகிய இருவரும் வெளியிட்ட விரைவு பூரியர் உருமாற்ற முறை, ஒலியை நுண்ணிய அதிர்வெண் துண்டுகளாகப் பிரிக்கும் கணக்கை விரைவாக்கியது. 1979-இல் ஸ்டீவன் போல் முன்வைத்த நிறமாலைக் கழித்தல் முறை இன்றுவரை பல மென்பொருள்களில் வேறு வேறு வடிவங்களில் தொடர்கிறது. பேச்சு இல்லாத இடைவெளியில் இரைச்சலின் சராசரியை அளந்துகொண்டு, பேச்சு உள்ள பகுதியிலிருந்து அந்தச் சராசரியைக் கழிப்பதே அதன் சாரம்.

அறைக்குள் மின்விசிறி ஓடும்போது செய்த பதிவுக்கு இம்முறை நன்கு பொருந்தும். ஏனெனில் அந்த இரைச்சல் மாறுவதில்லை. அயனி மண்டலத்தின் வழியே வரும் ஒலி அவ்வாறானது அன்று. இடியின் சடசடப்பு ஒரு நொடியில் வந்து மறையும். பேச்சும் ஏறி இறங்கும். ஆகவே கழித்தபின் மிச்சம் மீதி துண்டுகள் நீர்த்துளி விழுவது போலவும் மணி குலுங்குவது போலவும் ஒலிக்கின்றன. பொறியாளர்கள் இதை இசை இரைச்சல் என்கின்றனர். கேட்போருக்கு இது மனிதக் குரலின் சிதறல் போலத் தோன்றுவது பெரிய ஆபத்து. நிலையங்களின் பட்டியலைப் பார்த்து, இந்த அலைவரிசையில் இன்ன நிலையம் வர வேண்டும் என்று எண்ணியபடி கேட்பவருக்கு, அந்தச் சிதறலில் நிலையத்தின் பெயரே கேட்டுவிடும். சிக்னல் குன்றின் மூன்று புள்ளிகள் பற்றிய ஐயம் இங்கே மீண்டும் எழுகிறது.

மற்றொரு விளைவும் உண்டு. பேச்சு இரைச்சல் மட்டத்துக்கு இறங்கும்போது இரைச்சல் குறைப்பி அதையும் இரைச்சல் என்று கருதி அடைத்துவிடும். எண்ணிமச் சில்லு பொருத்திய சில கையடக்க வானொலிகளில், வலிமை குறைந்த சமிக்ஞையின் ஒலியளவைத் தானாகவே தாழ்த்தும் வசதி உள்ளது. உள்ளூர் நிலையங்களுக்கு இடையே திருப்பும்போது இரைச்சல் காதை உறுத்தாமல் இருக்க அது உதவும். ஆனால் தொலைதூர நேயர் தேடுவது அந்த வலிமை குறைந்த சமிக்ஞையைத்தான். அத்தகைய வானொலியில் அவர் எதைக் காது கொடுத்துக் கேட்க விரும்புகிறாரோ, அதையே கருவி மூடுகிறது.

செயற்கை நுண்ணறிவு முறைகள்

அண்மை ஆண்டுகளில் நரம்பியல் வலையமைப்பு கொண்டு இரைச்சலை நீக்கும் மென்பொருள்கள் பரவியுள்ளன. இவற்றையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு வகை, ஒவ்வொரு அதிர்வெண் துண்டையும் எவ்வளவு தாழ்த்துவது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. அது தவறாகத் தாழ்த்தலாம். ஆனால் இல்லாத ஒலியைப் படைப்பதில்லை. மற்றொரு வகை, தான் பயின்ற பேச்சு மாதிரிகளைக் கொண்டு விடுபட்ட இடங்களை நிரப்பிப் புதிய ஒலி அலையையே உருவாக்குகிறது. தொலைபேசி உரையாடலில் விடுபட்ட அரைச் சொல்லை இவ்வாறு நிரப்பினால் பெரிய தீங்கு இல்லை. ஐயம் எழுந்தால் பேசியவரையே திரும்பக் கேட்கலாம். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஒரே ஒருமுறை வந்து மறைந்த அறிவிப்பில், அந்த அரைச் சொல்தான் நிலையத்தின் பெயர்.

ஆகவே இரண்டாம் வகை மென்பொருளின் வெளியீட்டை நிலையத்தை அடையாளம் காண்பதற்கான சான்றாக ஏற்பது முறையன்று. அது தெளிவாக இருக்கும் அளவுக்கு அதன்மீது ஐயம் கொள்ள வேண்டும். மோசமான மூலத்திலிருந்து பளிங்கு போன்ற பேச்சு கிடைக்கிறது என்றால், அந்தத் தெளிவு மூலத்திலிருந்து வந்ததா, மென்பொருளிலிருந்து வந்ததா என்பதைக் கேட்டு மட்டும் பிரிக்க இயலாது.

இரைச்சலுக்குள் இருக்கும் தகவல்

இரைச்சல் நீக்கத்தின் பின்னணியில், பேச்சே செய்தி, மற்றவை அனைத்தும் குப்பை என்ற எண்ணம் இருக்கிறது. வானொலியின் வரலாறு இதை ஆதரிக்கவில்லை.

1927-இல் நார்வே நாட்டின் ஓஸ்லோவை அடுத்து வசித்த யோர்கன் ஹால்ஸ் என்ற பொறியாளர், நெதர்லாந்தின் ஐந்தோவனில் இருந்து ஒலிபரப்பான பிசிஜேஜே என்ற சிற்றலை நிலையத்தைக் கேட்டபோது, மூலச் சமிக்ஞைக்குச் சுமார் 3 நொடிகளுக்குப் பிறகு மெல்லிய எதிரொலி வருவதைக் கவனித்தார். உலகை ஒருமுறை சுற்றிவரும் அலைக்கு ஒரு நொடியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கே ஆகும். எனவே 3 நொடி என்பது அந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை. இயற்பியலாளர் கார்ல் ஸ்தோர்மர் அதை ஆராயத் தொடங்கினார். நீண்ட தாமத எதிரொலி என்று பெயர் பெற்ற இதற்கு அனைவரும் ஏற்கும் விளக்கம் இன்றும் இல்லை.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்ல் ஜான்ஸ்கிக்கு அளிக்கப்பட்ட வேலையே இரைச்சலை ஆராய்வதுதான். 20.5 மெகாஹெர்ட்ஸில் கேட்ட மெல்லிய சீறலின் உச்சம் 23 மணி 56 நிமிடங்களுக்கு ஒருமுறை வருவதை அவர் கண்டார். அது சூரிய நாளின் அளவன்று. விண்மீன் நாளின் அளவு. அந்தச் சீறல் நம் பால்வெளியிலிருந்து வருகிறது என்ற முடிவை 1933-இல் அவர் வெளியிட்டார். வானொலி வானியல் அதிலிருந்து பிறந்தது.

சாதாரண நேயருக்கு இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு வாய்க்காமல் போகலாம். ஆனால் அன்றாடப் பதிவிலும் இத்தகைய தடயங்கள் உண்டு. துருவப் பகுதியைக் கடந்து வரும் அலையில் விரைவான படபடப்பு இருக்கும். குறும்பாதையிலும் நெடும்பாதையிலும் ஒரே சமயத்தில் வரும் அலையில் எதிரொலி இருக்கும். வானலையாக வரும் நிலையத்தில் மெதுவான ஏற்ற இறக்கம் இருக்கும். அருகிலிருந்து தரையலையாக வருவதில் அது இராது. அனுபவமுள்ள நேயர் பேச்சு புரியாதபோதும் இவற்றைக் கொண்டு, இது தொலைவிலிருந்து வருகிறது, இன்ன திசையிலிருந்து வந்திருக்கலாம் என்று ஊகித்துவிடுவார். இரைச்சல் குறைப்பியும் ஒலியளவுச் சமன்செய்தலும் முதலில் அழிப்பவை இத்தடயங்களையே.

தமிழ் ஒலிகளின் நிலை

சிற்றலையில் தமிழைத் தொலைவிலிருந்து கேட்கும் வழக்கம் நீண்டது. சீன வானொலியின் தமிழ்ச் சேவை 1963-இல் தொடங்கியது; பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 வரை நீடித்தது. இவற்றின் நேயர்கள் அனுப்பிய அறிக்கைகள் பல. அத்தகைய ஒலிபரப்புகளைப் பதிவு செய்வோரும், பழைய நாடாக்களை எண்ணிம வடிவுக்கு மாற்றுவோரும் தமிழின் ஒலியமைப்பை மனத்தில் கொள்ள வேண்டும்.

ல, ள, ழ ஆகிய மூன்றையும் காது பிரித்தறிவதற்குத் தேவையான ஒத்ததிர்வுகள் பெரிதும் சுமார் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பரப்பில் அமைகின்றன. இரைச்சலைக் குறைக்க வேண்டி ஒலியின் மேல் எல்லையை 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்கினால், குரல் கேட்கும். சொல்லும் ஓரளவு புரியும். ஆனால் தலை, தளை, தழை என்ற மூன்றில் எது ஒலித்தது என்பதைச் சூழலைக் கொண்டே தீர்மானிக்க நேரும். செய்தி வாசிப்பில் சூழல் கைகொடுக்கும். ஊர்ப்பெயரிலும் ஆட்பெயரிலும் கைகொடுக்காது. நேயர் விருப்ப நிகழ்ச்சியில் வாசிக்கப்படும் பெயர்கள்தான் அறிக்கையில் குறிப்பிட மிகவும் ஏற்ற விவரங்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இழப்பின் அளவு விளங்கும்.

ஊகிக்கும் வகை மென்பொருள்களில் இந்தக் கவலை இன்னும் பெரிது. எந்த மொழிகளின் பேச்சைக் கொண்டு மென்பொருள் பயிற்றுவிக்கப்பட்டதோ, அந்த மொழிகளின் ஒலிகளையே அது பேச்சு என்று அறியும். பயிற்சியில் ழகரம் இல்லையெனில், மங்கலாக வந்த ழகரத்தை அது தனக்குத் தெரிந்த வேறோர் ஒலியாக வழங்கக்கூடும். எழுத்துப்பிழையாவது கண்ணுக்குத் தெரியும். இப்பிழை காதுக்கு இயல்பாகவே ஒலிக்கும்.

தூய்மைவாதத்தின் குறைகள்

இவ்வளவு குறைகளைச் சொன்ன பிறகு, செயலாக்கமே கூடாது என்ற முடிவுக்கு வரலாமா? வரக் கூடாது. அந்த வாதத்திலும் இரண்டு பெரிய குறைகள் உள்ளன.

முதற்குறை அறிவியல் சார்ந்தது. எந்தச் செயலாக்கமும் இல்லாத பதிவு என்று ஒன்று கிடையாது. வால்வு வானொலியிலும் வடிப்பி இருந்தது, தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு இருந்தது. ஒலிநாடாவும் தன் சீறலைச் சேர்த்தது. எண்ணிம வானொலியில் செயலாக்கம் வெறும் அலங்காரமும் அன்று. நொடிக்கு 8 கோடி மாதிரிகளை எடுக்கும் கருவியில், மாற்றியின் இரைச்சல் 40 மெகாஹெர்ட்ஸ் பரப்பில் பரவிக் கிடக்கிறது. நமக்குத் தேவையான 5 கிலோஹெர்ட்ஸை மட்டும் வடித்தெடுத்தால், அந்த இரைச்சலில் 8,000-இல் ஒரு பங்கே மிஞ்சும். இது ஏறக்குறைய 39 டெசிபல் ஆதாயம். இச்செயலாக்கம் இல்லாவிட்டால் மெல்லிய நிலையங்கள் கருவியின் இரைச்சலிலேயே மூழ்கிவிடும்.

இரண்டாவது குறை நியாயம் சார்ந்தது. பின்லாந்தின் வடகோடியில் உள்ள லாப்லாந்தில், மின்சார இரைச்சல் இல்லாத காட்டில், பல நூறு மீட்டர் நீளமுள்ள பெவரேஜ் கம்பிகளைக் கட்டிக் கேட்பவர்களுக்கு இரைச்சல் குறைப்பி தேவைப்படுவதில்லை. அடுக்குமாடி வீட்டில், சுற்றிலும் எல்.இ.டி. விளக்குகளும் கைப்பேசி மின்னேற்றிகளும் இன்வெர்ட்டர்களும் இயங்க, சன்னல் கம்பியில் மூன்று மீட்டர் ஒயரைக் கட்டிக் கேட்கும் மாணவனுக்கு அது தேவைப்படுகிறது. நிலமும் அமைதியும் உள்ளவரின் வசதியை ஒழுக்க விதியாக்கிப் பிறர்மேல் சுமத்துவது சரியன்று. புதிதாக வரும் இளைஞரை வாயிலிலேயே நிறுத்தும் விதி எந்தப் பொழுதுபோக்கையும் வளர்க்காது.

ஆயினும் அந்த மாணவனுக்குச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. இரைச்சலை வானொலிக்குள் வருமுன் தடுப்பது, வந்தபின் துடைப்பதைவிட எப்போதும் மேலானது. மத்திய அலை வானொலியின் உள்ளே இருக்கும் பெரைட் தண்டு சில திசைகளில் அலையை வாங்காது. வானொலியை மெல்லத் திருப்பி, இரைச்சலின் மூலத்தை அத்திசையில் வைத்தால் இரைச்சல் வியக்கத்தக்க அளவு குறையும். வீட்டின் மின்னேற்றிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாலே பாதிச் சிக்கல் தீர்வதுண்டு. இவற்றுக்குச் செலவு இல்லை. சான்றுக்கும் சேதம் இல்லை.

பதிவுக்கான நெறி

மேல்நிலைப் பள்ளியின் செய்முறைத் தேர்வு ஏட்டில் ஒரு பழைய விதி உண்டு. எடுத்த அளவீடு தவறு என்று தோன்றினால் அதை அழிப்பானால் அழிக்கக் கூடாது. ஒரே கோடாக அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிய அளவீட்டை எழுத வேண்டும். அடித்த எண்ணைத் திருத்துபவர் படிக்க முடிய வேண்டும். தொலைதூரப் பதிவுக்கும் இந்த விதி அப்படியே பொருந்தும்.

மூலத்தைக் காப்பது முதல் கடமை. இயன்றவர்கள் ஒலிக்கு மாற்றுமுன் உள்ள அலைக்கற்றையையே சேமிக்கலாம். மென்பொருள் வானொலிகள் ஐ-கியூ கோப்பு என்ற வடிவில் இதைச் செய்கின்றன. அதன் பயன் பெரிது: இன்று பதிந்ததை நாளை வேறு வடிப்பியுடன், வேறு பக்கப்பட்டையில், துடிப்பு நீக்கியுடனும் இல்லாமலும் மீண்டும் மீண்டும் கேட்கலாம். அதே நேரத்தில் வந்த பிற நிலையங்களையும் தேடலாம். குறை, அதன் அளவு. மத்திய அலை முழுவதையும் உள்ளடக்க நொடிக்கு 12.5 லட்சம் இணை மாதிரிகளை 16 பிட் அளவில் சேமித்தால் ஒரு மணி நேரத்துக்கு 18 ஜிகாபைட் ஆகும். எனவே அடையாள அறிவிப்பு வரும் மணித் தொடக்கத்தைச் சுற்றிய சில நிமிடங்களை மட்டும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது.

அது இயலாதவர்கள் அகன்ற வடிப்பியில், இரைச்சல் குறைப்பி இல்லாமல், சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதியலாம். நொடிக்கு 16,000 மாதிரி, 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் மணிக்குச் சுமார் 115 மெகாபைட்தான் ஆகும். எம்பி3 வடிவில் மூலத்தைச் சேமிப்பதைத் தவிர்க்க வேண்டும். உரத்த ஒலியின் அடியில் மறையும் மெல்லிய ஒலியைக் காது கேட்காது என்ற கணிப்பில் அதை விட்டுவிடுவதே அந்தச் சுருக்கத்தின் வழி. வலிய நிலையத்தின் அடியில் மறைந்த மெல்லிய நிலையத்தைத் தேடுபவருக்கு அது நேர் எதிரி.

அடுத்த கடமை, செய்ததைச் சொல்வது. செயலாக்கிய பதிவை நிலையத்துக்கு அனுப்பலாம், நண்பர்களுடன் பகிரலாம். ஆனால் வடிப்பியின் அகலம், ஒத்திசைவு, வெட்டு வடிப்பி, இரைச்சல் குறைப்பி, மென்பொருளின் வகை ஆகியவற்றை இரண்டு வரியில் குறிப்பிட வேண்டும். சின்போ மதிப்பெண்களை மூலத்தைக் கேட்டே இட வேண்டும். எந்தச் செயலாக்கத்துக்குப் பிறகு நிலையத்தின் பெயர் புரிந்ததோ, அதே இடத்தை மூலத்தில் மீண்டும் கேட்டுப் பார்க்க வேண்டும். செயலாக்கிய பதிவில் கண்டுபிடித்து மூலத்தில் உறுதி செய்வதே பாதுகாப்பான வரிசை. மூலத்தில் சிறிதும் உறுதி கிடைக்காவிட்டால், அறிக்கையில் அந்நிலையத்தை உத்தேசம் என்றே எழுத வேண்டும்.

இயன்றால் நிலையப் பட்டியலைப் பார்த்திராத ஒருவரைக் கேட்கச் சொல்லி, அவர் கேட்டதை எழுதச் செய்யலாம். காட்லியின் கூடாரத்தில் அமர்ந்திருந்த சாட்சிக்கு இணையானவர் அவர்.

மதிப்பீடு

எண்ணிமச் செயலாக்கம் தொலைதூர வானொலி கேட்டலுக்குப் புதிய ஆயுளைத் தந்துள்ளது என்பதில் ஐயமில்லை. கூர்மையான வடிப்பியும் ஒத்திசைவு முறையும் முன்பு விலையுயர்ந்த கருவிகளில் மட்டும் இருந்தன. இன்று மாணவர்களின் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. அலைக்கற்றை முழுவதையும் சேமித்துப் பிறகு ஆராயும் வசதி, ஒலிநாடாக் காலத்தில் யாருக்கும் இல்லாதது. இவை அனைத்தும் வந்த அலையை இன்னும் உன்னிப்பாகக் கேட்க உதவுகின்றன.

இரைச்சல் குறைப்பியின் இடம் இவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. கேட்கும் களைப்பைக் குறைக்கவும், தேட வேண்டிய இடத்தைச் சுட்டவும் அது பயன்படும். சான்றாக முன்வைக்கும்போது மூலமும் கூடவே வர வேண்டும். பேச்சைத் தானே படைக்கும் மென்பொருள்களுக்கு இத்துறையின் சான்றுகளில் இடமில்லை.

இது ஒரு சிறிய பொழுதுபோக்கின் உள்விவகாரம் என்று தோன்றலாம். ஆனால் சிற்றலை நிலையங்கள் பல மூடப்பட்டுவிட்டன. அவற்றின் குரல் இனி நேயர்கள் செய்துவைத்த பதிவுகளில் மட்டுமே இருக்கும். நாளை ஒரு மாணவர் அப்பதிவைத் திறக்கும்போது, அன்று வானத்தில் வந்தது எது, பின்னர் கணினி சேர்த்தது எது என்று அவருக்குப் பிரித்துச் சொல்லப் பதிவு செய்தவர் அருகில் இருக்க மாட்டார். மூலக் கோப்பும் அதனுடன் எழுதிவைத்த இரண்டு வரிக் குறிப்பும் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.